மாரிக்கு முன் இறைப்புச் சாமான்களைக் கழற்றி வைப்பது எப்படி?

ஆறுபரப்பு (உரும்பிராய்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஆறு பரப்பு (ஏறத்தாழ 1,500 சதுர மீற்றர்) செம்மண் காணியில் தோட்டம் செய்கிறேன். அப்பா செய்த காலத்தில் வாய்க்காலும் பாத்தியும்தான் இருந்தன; மாரி பிறந்தால் மண்வெட்டியைக் கழுவிக் கொட்டிலுக்குள் சாத்துவதோடு ஆயத்தம் முடிந்துவிடும். இப்போது என்னிடம் மண்ணெண்ணெயில் ஓடும் இரண்டு அங்குல நீர்ப்பம்பி ஒன்று, மிளகாய்க்காக இரண்டு பரப்பில் விரித்த 16 மில்லிமீற்றர் சொட்டுநீர்க் குழாய்கள், வெங்காயத்துக்குப் பயன்படுத்தும் பித்தளை ஸ்பிறிங்லர் (நீர்தெளிப்பான்) தலைகள் எட்டு, பம்பியிலிருந்து நீரைக் கொண்டுசெல்லும் நீல நிறத் தட்டைக் குழாய் அறுபது மீற்றர் ஆகியவை உள்ளன. இவற்றில் பெரும்பகுதியைக் கடன்பட்டுத்தான் வாங்கினேன். அதனால்தான் இந்தக் கேள்வியை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஐப்பசி இறுதியில் மழை திடீரென்று பிடித்துக்கொண்டபோது எல்லாவற்றையும் அவசரமாகக் கழற்றி, கொட்டிலின் ஒரு மூலையில் குவித்து, படங்கால் மூடிவிட்டேன். பொங்கல் முடிந்து எடுத்துப் பார்த்தால், பம்பியின் கயிற்றை நாற்பது தடவைக்கு மேல் இழுத்தும் அது இயங்கவில்லை. திருத்துபவர் ஒருவரிடம் கொண்டுசென்றேன். எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குள் மஞ்சள் நிறப் பசை படிந்திருப்பதைக் காட்டி, அதை மாற்றியே ஆக வேண்டும் என்றார், மாற்றினேன். கழற்றிக் கழுவியிருந்தாலே போதும் என்பதைப் பின்னர் வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். நீலக் குழாயின் சுருளுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. விரித்தபோது மூன்று இடங்களில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

இவை இரண்டும் என் கவனக்குறைவு என்று ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு விளங்காதது சொட்டுநீர்க் குழாய்களின் கதைதான். புரட்டாதியில் கடைசியாக நீர் விட்டபோது, ஒன்றிரண்டைத் தவிர எல்லாத் துளைகளும் ஒழுங்காகச் சொட்டின. தையில் மீண்டும் பொருத்தியபோது மூன்றில் ஒரு பங்கு சொட்டவேயில்லை. துளைவாயில் வெள்ளையாக ஏதோ இறுகியிருந்தது. ஊசியால் குத்தியும் பயனில்லை. மூன்று மாதங்கள் ஒரு துளி நீரும் ஓடாத குழாய், ஓடாத காலத்திலேயே எவ்வாறு அடைத்துக்கொண்டது?

இந்த ஆண்டு மழைக்கு இன்னும் இரண்டு கிழமைகளாவது இருக்கும் என்று நம்புகிறேன். எதை முதலில் கழற்றுவது, எதை எவ்வாறு கழுவுவது, எங்கே வைப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

செம்மண் (ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர், யாழ்ப்பாணத் திருநெல்வேலி) எழுதியது:

தம்பி, உங்கள் கேள்விக்கான விடை உங்கள் வீட்டுத் தேநீர்க் கேத்தலின் அடியில் இருக்கிறது. அதைக் கவிழ்த்துச் சுரண்டிப் பாருங்கள். துளைவாயில் கண்ட அதே வெள்ளைப் படிவு அங்கும் வரும்.

எங்கள் வலிகாமப் பகுதியின் கிணறுகள் எல்லாம் சுண்ணக்கல்லைக் குடைந்தவை. மழைநீர் மண்ணினூடாக இறங்கும்போது காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாக மாறி, அந்தக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே கிணற்றை அடைகிறது. ஆகவே நாங்கள் இறைப்பது வெறும் நீரன்று, கரைந்த சுண்ணாம்பும் சேர்ந்த நீர். கரைந்த நிலையில் இருப்பதால் எந்த வடிகட்டியும் அதைப் பிடிக்காது. நீர் சூடேறினாலோ வற்றினாலோ காபனீரொட்சைட்டு வெளியேற, சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. குழாயில் நாள்தோறும் நீர் ஓடும் வரை படிவு மெதுவாகவே வளரும். நீரை நிறுத்திவிட்டு, குழாய்க்குள் தேங்கியதை அப்படியே விட்டு வைத்தீர்களானால், அது ஒவ்வொரு துளையின் ஒடுங்கிய பாதையிலும் வற்றி, அங்கேயே இறுகிவிடுகிறது. உங்கள் குழாய்கள் அடைபட்டது பயன்பாட்டில் அன்று. நீங்கள் அவற்றை ஈரத்தோடு சுருட்டிப் படங்கால் மூடி வைத்த நாட்களில்தான்.

எனவே இந்தப் படிவைக் கரைக்கும் அமிலக் கழுவலைத் தையில் செய்யாமல், இப்போதே, குழாய்கள் ஈரமாகவும் படிவு இளகியும் இருக்கும்போது செய்ய வேண்டும். காய்ந்து இறுகிய பின் அதே அமிலம் பாதிப் பலனைத்தான் தரும்.

அதற்கு முன் ஒரு சோதனை. அடைபட்ட துளை உள்ள இடத்தில் ஒரு சாண் நீளக் குழாயை வெட்டி, நெடுக்காகப் பிளந்து பாருங்கள். விரலால் நெரிக்கும்போது மணல்போல் நொறுங்கும் வெள்ளைப் படிவாயின் சுண்ணாம்பு, அதற்கு அமிலம். வழுவழுப்பாகப் பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் பாசி, அதற்குக் குளோரின். திறந்த தொட்டியில் நீரைத் தேக்கி விடுபவர்களுக்கு இரண்டும் இருக்கலாம். இரண்டையும் ஒரே நாளில், ஒரே பாத்திரத்தில் ஒருபோதும் செய்யாதீர்கள். அமிலமும் கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளும் சேர்ந்தால் எழும் வாயு, மூடிய கொட்டிலுக்குள் உயிரையே எடுக்கக்கூடியது. வெள்ளத்துக்குப் பின் கிணறுகளுக்குப் போட்ட தூளின் மிச்சம் பல வீடுகளில் கிடப்பதால் இதை அழுத்திக் கூறுகிறேன்.

இனி அளவு. கடைகளில் கழிவறை கழுவ விற்கும் ஐதரோகுளோரிக் அமிலம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு செறிவில் இருக்கும். கிணற்று நீரும் அவ்வாறே. ஆகையால் யாருடைய அளவையும் அப்படியே பின்பற்ற வேண்டாம், என்னுடையதையும் சேர்த்து. ஒரு பிளாஸ்ரிக் வாளியில் உங்கள் கிணற்று நீர் 10 லீற்றர் எடுத்து, அமிலத்தை மில்லிலீற்றர் மில்லிலீற்றராகச் சேர்த்துக் கலக்கி, அமில வலுவைக் காட்டும் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். முதல் சில மில்லிலீற்றர்கள் போனதே தெரியாது, நீரிலுள்ள சுண்ணாம்பே அவற்றைத் தின்றுவிடும். அதன் பின் நிறம் வேகமாக மாறும். தாள் 2 என்று காட்டும்போது எவ்வளவு சென்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். 33 வீத அமிலத்தில் எங்கள் பகுதிக் கிணற்று நீருக்கு எனக்கு ஏறத்தாழ 15 மில்லிலீற்றர் சென்றது; அக்கணக்கில் 200 லீற்றர்ப் பீப்பாவுக்கு 300 மில்லிலீற்றர்.

ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், அதாவது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். வரிசைக்கு வரிசை 90 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டிருந்தால் பரப்புக்கு 280 மீற்றர், உங்கள் இரண்டு பரப்புக்கு 560 மீற்றர்க் குழாய் இருக்க வேண்டும். அதற்குள் நிற்கும் நீர் 85 லீற்றர் அளவே எனினும், துளைகளால் ஒழுகிக்கொண்டே இருக்கும் என்பதால் முழுவதையும் ஒரே தடவையில் செய்தால் பீப்பா பத்து நிமிடத்தில் காலியாகிவிடும். நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பீப்பா என்று விட்டால், அமில நீர் அரை மணித்தியாலத்துக்கு மேல் துளைகளில் நின்று வேலை செய்யும்.

பீப்பாவை ஒரு மீற்றர் உயரத்தில், பம்பியோடும் கிணற்றோடும் எந்தத் தொடர்பும் இல்லாமல் நேரே பிரதான குழாயில் இணையுங்கள். பம்பியினூடாக அமிலத்தை அனுப்பினால் அதன் உலோகம் அரிக்கும்; பம்பி நின்ற கணத்தில் அமில நீர் பின்வாங்கிக் கிணற்றுக்குள் இறங்கவும் கூடும், நீங்கள் குடிப்பதும் அதே நீர்தான். பீப்பாவில் முதலில் நீர், பின்னரே அமிலம். ஒருபோதும் மாறிச் செய்யாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றின் மேற்பக்கம் நில்லுங்கள். பீப்பா முடிந்ததும் வரிசைகளின் கடைசி அடைப்புகளைக் கழற்றிவிட்டு, பம்பியால் நல்ல அழுத்தத்தில் நீர் விட்டு, தெளிந்து வரும் வரை ஓடவிடுங்கள்.

இன்னொன்று. மிளகாய்க்குப் பொசுபேற்று உரத்தைக் கரைத்து இக்குழாய்களினூடாக விட்டிருந்தால் இனிமேல் அதை நிறுத்துங்கள். எங்கள் நீரிலுள்ள கல்சியத்தோடு அது சேர்ந்து, சுண்ணாம்பிலும் பிடிவாதமான படிவாக மாறும். பொசுபேற்றை அடியுரமாக மண்ணிலேயே இட்டுவிடுவது நல்லது.

பழையமெசின் (அச்சுவேலி) எழுதியது:

ஐயா சொட்டுநீரை விரிவாகச் சொல்லிவிட்டார். நான் பம்பியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த இயந்திரங்களோடுதான் காலம் போகிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ராற் செய்து, உடனே மண்ணெண்ணெய்க்கு மாற்றிய கைகள் இவை. மண்ணெண்ணெயும் கிடைக்காத மாதங்களில், எங்கள் வீட்டில் அப்பு கிணற்றில் நீர் இறைக்கும் பழைய துலாவை மீண்டும் நிமிர்த்தினார் என்பது வேறு கதை.

உங்கள் காபரேற்றரில் படிந்த மஞ்சள் பசை, மூன்று மாதங்கள் அசையாமல் கிடந்த எரிபொருள். பெற்றோலின் இலேசான பகுதி ஆவியாகிப்போக, மிச்சம் கோந்துபோல் இறுகி, தலைமயிர் அளவுத் துளையுள்ள ஜெற்றை அடைத்துவிடுகிறது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் நாட்கணக்காக வரிசையில் நின்றவர்களுக்கு எரிபொருளை வெளியே ஊற்ற மனம் வராது என்பது எனக்குத் தெரியும். ஊற்ற வேண்டியதில்லை, கலனில் எடுத்து இந்த மாதத்துக்குள் மோட்டார்ச் சைக்கிளுக்கு விட்டுவிடுங்கள். இயந்திரத்தின் தாங்கியில் மட்டும் விட்டு வைக்காதீர்கள்.

கடைசி இறைப்பு அன்று, நிறுத்துவதற்கு முன் மண்ணெண்ணெயிலிருந்து பெற்றோலுக்கு மாற்றி ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பின்னர் எரிபொருள் திருகை மூடிவிட்டு, தானாக நிற்கும் வரை காத்திருங்கள். அதன் பிறகும் காபரேற்றரின் கிண்ணத்துக்குள் இரண்டு மூன்று கரண்டி எரிபொருள் நிற்கும். கிண்ணத்தின் அடியில் உள்ள சிறிய திருகாணியை இளக்கி அதையும் வடித்துவிடுங்கள். உங்கள் புதிய காபரேற்றரைக் காப்பாற்றப் போவது இந்தத் திருகாணிதான்.

இயந்திரம் சூடாக இருக்கும்போதே ஒயிலை மாற்றுங்கள். ஓராண்டு ஓடிய ஒயிலில் மண்ணெண்ணெய் கலந்து அது நீர்த்துப் போயிருக்கும். அளவுகோலைத் தோய்த்து எடுத்து மணந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தாலும் அதே கதைதான். மண்ணெண்ணெயில் ஓட்டுபவர்கள் புத்தகத்தில் போட்டிருக்கும் கால அளவுக்கு முன்பே ஒயிலை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்து, பிளக்கைக் கழற்றி அத்துளையினூடாக ஒரு மேசைக்கரண்டி புதிய ஒயிலை விட்டு, கயிற்றை இரண்டு மூன்று தடவை மெதுவாக இழுத்து, பிளக்கை மீண்டும் பூட்டுங்கள். கடைசியாகக் கயிற்றை ஆறுதலாக இழுத்துக்கொண்டு வரும்போது ஓரிடத்தில் அது தடுத்து நிற்கும். அங்கேயே விட்டுவிடுங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருப்பதால் கார்த்திகை மாதத்து ஈரக்காற்று உள்ளே போகாது. ஒரு நிமிட வேலை; இதைச் செய்யாததால் உள்ளே துருப்பிடித்த சிலிண்டர்கள் எத்தனையோ என் கையால் கழற்றப்பட்டிருக்கின்றன.

பம்பியின் வயிற்றின் அடியில் உள்ள வடிப்பு அடைப்பைக் கழற்றி நீரை முழுமையாக இறக்கிவிட்டு, அந்த அடைப்பை ஒரு துணியில் கட்டி இயந்திரத்தின் கைபிடியிலேயே தொங்கவிடுங்கள். தையில் எல்லாரும் தேடுவது அதைத்தான். காற்று வடிகட்டியின் பஞ்சைச் சவர்க்கார நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். உறிஞ்சு குழாயின் நுனியில் உள்ள பூற் வால்வைக் கழற்றி, தோல் அல்லது றப்பர் நாக்கு வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். மீண்டும் தொடங்கும் நாளில் வயிற்றுக்குள் நீர் நிரப்பாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். உள்ளே இருக்கும் சீல் நீரால்தான் குளிர்கிறது, உலர்ந்து சுழன்றால் கருகிவிடும்.

வெங்காயத்தறை (புன்னாலைக்கட்டுவன்) எழுதியது:

தம்பி, எலியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதால் நான் எழுத வேண்டியிருக்கிறது.

எலி உங்கள் குழாயைத் தேடி வரவில்லை. கொட்டிலில் விதை வெங்காயமோ நெல்லோ தவிடோ இருந்திருக்கும்; அதற்கு வந்த எலிக்கு, படங்கால் மூடிய குவியல் மழை படாத வீடாகக் கிடைத்தது. தீனியும் குழாயும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்பதே நான் நட்டப்பட்டுக் கற்றது. வேறு கொட்டில் இல்லையென்றால் தரையில் வைக்காமல் தொங்கவிடுங்கள். பழைய ரயரைப் பாதியாக வெட்டி வளைவு மேலே இருக்கும்படி கூரை வளையில் அடித்து, அதன் மீது குழாய்ச் சுருளைப் போட்டால் மடிப்பு விழாது. ஆணியில் தொங்கவிட்டால் பாரம் முழுவதும் ஓரிடத்தில் இறங்கி, அந்த இடத்தில் குழாய் நசுங்கிப்போகும். சுவரோடு ஒட்டாமல் ஒரு முழமாவது விலகித் தொங்கட்டும்.

சுருட்டும்போது பாலர் பள்ளிப் பிள்ளை கைகளை விரித்த அகலத்துக்குக் குறையாமல் சுருட்டுங்கள். ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு துண்டுத் தகட்டில் எந்த வரிசை, எத்தனை மீற்றர் என்று ஆணியால் கீறிக் கட்டிவிடுங்கள். பேனாவால் எழுதிய காகிதத்தைக் கரையான் படித்து முடித்துவிடும். சுருட்டுவதற்கு முன் ஒரு முழு நாள் இரண்டு முனைகளும் திறந்தபடி, சரிவாகக் கிடந்து நீர் இறங்க வேண்டும். செம்மண் ஐயா சொன்ன காரணத்தை வாசித்த பிறகுதான், என் மாமியார் ஏன் எல்லாவற்றையும் "காயவிட்டு எடு, காயவிட்டு எடு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார் என்பது எனக்கு முழுமையாக விளங்கியது. நீலக் குழாய்க்கும் அதே பக்குவம்தான். அதன் ஓட்டைகளை ஒட்டுப்போட்டு வைத்திருந்தால் அந்த இடங்களை வெளிப்பக்கமாகச் சுருட்டுங்கள்.

ஸ்பிறிங்லர் தலைகளைக் கழற்றி, ஓர் இரவு வினாகிரியில் ஊறவிட்டு, காலையில் கழுவுங்கள். பித்தளைக்கு வலிய அமிலம் வேண்டாம். எங்கள் பகுதியில் சிலர் குத்துவிளக்குத் துலக்குவதுபோல் பழப்புளி போட்டுத் தேய்க்கிறார்கள். பளபளப்பு வரும், ஆனால் துவாரத்துக்குள் இருக்கும் சுண்ணாம்பு போகாது. துவாரத்தைக் கம்பியால் குத்தாதீர்கள். கம்பி பித்தளையைச் சுரண்டித் துவாரம் பெருத்துவிட்டால், அந்தத் தலை மற்றவற்றைவிட அதிக நீரை இறைத்து ஒரு பாத்தியை அழுகவைக்கும். ஈர்க்குக் குச்சி போதும். சுழலும் இடத்துக்குக் கிறீஸோ எண்ணெயோ பூச வேண்டாம், அது நீரிலேயே வழுக்கிச் சுழலும்படி அமைந்தது. கிறீஸ் பூசினால் செம்மண் தூள் ஒட்டி அரைக்கத் தொடங்கும்.

அமிலக் கழுவல் பற்றி ஐயாவோடு எனக்குச் சிறு கருத்து வேறுபாடு உண்டு. தடித்த குழாய்க்கு அவர் கூறுவது சரி. காகிதம்போல் மெல்லிய ரேப் (நாடா) வகைச் சொட்டுநீர்க் குழாயைப் பயன்படுத்துபவர்கள் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. அதைச் சேதமில்லாமல் எடுப்பதே அரிது. ஒன்றிரண்டு போகம் பயன்படுத்திவிட்டு மாற்றுவதுதான் கணக்குக்குச் சரி. ஆனால் மாற்றுபவர்கள் பழையதை உழுது மண்ணோடு புதைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்துத் தறையில் மண்வெட்டி விழும் இடமெல்லாம் கறுப்பு நாடாவாகக் கிளம்புகிறது.

ஆறுபரப்பு எழுதியது:

மூவருக்கும் மிகுந்த நன்றி. அக்கா சொன்னது உண்மை, கொட்டிலின் மறுமூலையில் விதை வெங்காயம் பிடி பிடியாகக் கட்டித் தூக்கியிருந்தேன். கீழே மாட்டுக்கு வைத்த தவிட்டுச் சாக்கும் இருந்தது.

ஐயாவிடம் ஒரு கேள்வி. அமில நீர் துளைகளால் ஒழுகும்போது, இன்னும் காய்த்துக்கொண்டிருக்கும் மிளகாய்ச் செடிகளுக்குத் தீங்கு வராதா? மேலும், பிள்ளைகள் உள்ள வீடு என்பதால் ஐதரோகுளோரிக் அமிலத்தை வாங்கி வைக்க மனைவி விரும்பவில்லை. வேறு வழி உண்டா?

செம்மண் எழுதியது:

செடி நிற்கும் இடத்தில் செய்ய வேண்டாம். குழாய்களை வேரடியிலிருந்து விலக்கி நடைபாதைக்கு இழுத்துப் போட்டுவிட்டுச் செய்யுங்கள். எங்கள் மண்ணுக்கு அடியில் கிடப்பதே சுண்ணக்கல் ஆதலால் இந்த அளவு அமிலத்தை நிலம் விரைவில் நடுநிலையாக்கிவிடும். ஆயினும் அலசும் நீரைக் கிணற்றடியை நோக்கி ஓடவிடாமல் காணியின் மறுபக்கத்துக்குத் திருப்புங்கள்.

மனைவியின் அச்சம் நியாயமானது. சித்திரிக்கமிலத் தூள் வாங்கலாம்; கையாள்வதும் வைப்பதும் எளிது. ஆனால் அதே வேலைக்கு அதிக அளவும் அதிக நேரமும் வேண்டும், செலவும் கூடும். அளவை அதே வாளிச் சோதனையால் கண்டுகொள்ளலாம். தாள் 3 அளவுக்கு இறங்கினாலே போதும், ஓர் இரவு குழாய்க்குள் நிற்க விடுங்கள். துளைகளால் ஒழுகாமல் நிறுத்த வேண்டுமானால், வரிசைகளைக் கழற்றிச் சுருட்டி, சுருளை அப்படியே பீப்பாவுக்குள் அமிழ்த்தி, உள்ளே நின்ற காற்று குமிழியாக முழுவதும் வெளியேறும் வரை அசைத்துவிட்டு மூடிவிடலாம். இரண்டு பரப்புக்கு இது சாத்தியமே. இருபது பரப்புக்காரருக்கு நான் சொல்ல மாட்டேன்.

கிணற்றடி (கோப்பாய்) எழுதியது:

கேட்டவரிடம் மின்மோட்டர் இல்லை என்றாலும், வாசிக்கும் பலரிடம் இருக்கும் என்பதால் சேர்த்துக்கொள்கிறேன்.

எங்கள் பகுதியில் நீர்மட்டம் கோடையில் இறங்குவதால், உறிஞ்சும் உயரத்தைக் குறைப்பதற்காக மோட்டரைக் கிணற்றின் உட்சுவரில் உள்ள திட்டில் பூட்டியிருப்போம். எவ்வளவு நல்ல பம்பியாயினும் மேலிருந்து ஆறு ஏழு மீற்றருக்குக் கீழே உள்ள நீரை உறிஞ்சி எடுக்கத் திணறும் என்பதால் கோடைக்கு அது சரிதான். ஆனால் சுண்ணக்கல் நிலத்தில் பெருமழை பெய்தால் கிணறு ஓரிரு நாளிலேயே பல முழம் ஏறிவிடும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது எங்கள் மோட்டர் திட்டோடு மூழ்கியது. அன்று இரவு அதை எடுக்க முடியவில்லை, விடிந்து பார்க்கும்போது நீர் அதற்கு மேலே ஓர் ஆள் உயரம் நின்றது. அதிலிருந்து ஐப்பசி முதற் கிழமையிலேயே கயிறு கட்டி மேலே எடுத்துவிடுகிறோம்.

மூழ்கிய மோட்டர் வெளியில் காய்ந்துவிட்டது என்று நம்பி ஆளியைப் போடாதீர்கள். மோட்டர் சுற்றுபவரிடம் கொடுத்து, உள்ளே முழுமையாக உலர்த்தி, மெகர் கருவியால் சுருளின் மின்காவலை (மின் கசியாத தன்மையை) அளந்து, ஒரு மெகாஓமுக்கு மேல் காட்டிய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். மூழ்காமல் தப்பிய மோட்டரையும் மூன்று மாதம் அசையாமல் வைத்தால் உள்ளே உள்ள சுழலி துருவாலும் சுண்ணாம்பாலும் பிடித்துக்கொள்ளும். மின்சாரத்தைத் துண்டித்த நிலையில், கிழமைக்கு ஒரு தடவை பின்பக்க விசிறியைக் கையால் சுற்றிவிடுங்கள். ஆளிப்பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடியேறும். எங்கள் பெட்டிக்குள் செத்துக் கிடந்த ஒரு பல்லியால் ரிப் சுவிச் விழுந்துகொண்டே இருந்தது; காரணம் தெரியாமல் இரண்டு நாட்கள் வயரை எல்லாம் தோண்டிப் பார்த்தோம். வயர் நுழையும் ஓட்டையைச் சுற்றி மெழுகோ களியோ வைத்து அடைத்துவிடுவதே போதும்.

கேட்டவருக்கும் பொருந்துவது ஒன்று: பம்பியை எந்தக் கொட்டிலில் வைத்தாலும், தரையில் வைக்காமல் சீமெந்துக் கல் இரண்டு அடுக்கி அதன் மேல் வையுங்கள். படங்கால் இறுக்கி மூடாதீர்கள். அடியில் காற்றுப் போக வழி இல்லாத மூடுகை, மழையைவிட அதிகமாக வியர்வையால் துருப்பிடிக்க வைக்கும்.

ஆறுபரப்பு எழுதியது:

நேற்றும் இன்றும் வேலையைத் தொடங்கிவிட்டேன். சித்திரிக்கமிலத் தூள் தேடிக் கிடைக்கவில்லை. ஐதரோகுளோரிக் அமிலத்தையே பக்கத்து வீட்டு அண்ணாவோடு சேர்ந்து வாங்கி, அவர் வீட்டில் வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வருவது என்று மனைவியோடு உடன்பட்டேன். வாளிச் சோதனையில் 10 லீற்றருக்கு 18 மில்லிலீற்றர் சென்றது. ஐயா கூறியதைவிடச் சற்றுக் கூடுதல். எங்கள் கிணற்று நீர் கடினமா, கடைக்காரர் தந்த அமிலம் மெலிதா என்று தெரியவில்லை.

முதல் பகுதியின் ஒன்பது வரிசைகளில் பீப்பா முடிய முக்கால் மணித்தியாலம் சென்றது. அடைப்புகளைக் கழற்றிப் பம்பியால் அலசியபோது முதலில் சோற்றுக் கஞ்சிபோல் வெண்மையாகவும், பிறகு செம்மண் கலங்கியும், அதன் பின் தெளிவாகவும் வந்தது. மீண்டும் அடைத்துவிட்டு நடந்து எண்ணிப் பார்த்தேன். சென்ற தையிலிருந்து செத்துக் கிடந்த துளைகளில் ஏறத்தாழப் பாதி சொட்டத் தொடங்கியிருக்கின்றன. மிச்சம் அசையவில்லை. அவை இறுகி ஒன்பது மாதமாகின்றன அல்லவா. அந்தத் துண்டுகளை வெட்டி இணைப்புப் போடப் போகிறேன்.

காபரேற்றர்க் கிண்ணத்தின் திருகாணியையும் கண்டுபிடித்துவிட்டேன். ஓராண்டாக அந்த இயந்திரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறேன், அப்படி ஒன்று இருப்பது இன்றுதான் கண்ணில் பட்டது. தவிட்டுச் சாக்கு மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டது. ரயர் இரண்டு கிடைத்திருக்கின்றன, வெட்டுவதற்கு வாள்தான் வேண்டும். வடகிழக்கில் இன்று மாலை மேகம் கறுத்திருப்பதால், மற்ற மூன்று பகுதிகளையும் நாளையே முடித்துவிடப் பார்க்கிறேன்.